வீட்டில் பொருத்திய நீர்க்குளிர்ப்பு டர்போ: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

டர்போ இல்லாமல் தயாரிக்கப்பட்ட நான்கு சக்கர இயக்க டீசல் வண்டியில், நீர்க்குளிர்ப்பு வசதியுள்ள டர்போவை வீட்டிலேயே பொருத்தி முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொருத்திய முதல் சில நாட்களில் புகை, கசிவு, சத்தம், சூடு என்று ஏதேனும் ஒன்று தலைகாட்டும். உடனே ‘டர்போ போய்விட்டது’ என்று முடிவு கட்டி அதைக் கழற்றத் தொடங்குவது பலரும் செய்யும் தவறு. டர்போவுக்குள் இருப்பது ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் எரிந்த புகை சுழற்றும் டர்பைன் சக்கரம், மறுமுனையில் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரெஸர் சக்கரம், அவற்றைத் தாங்கும் பேரிங்குகள், அவ்வளவே. ஆனால் அதற்குள் போய்வரும் ஆயில், தண்ணீர், காற்று, எரிந்த புகை ஆகிய நான்குக்கும் உரிய வழிகள் நாமே வெட்டி, வளைத்து, இறுக்கியவை. ஆகவே சந்தேகம் முதலில் இந்த நான்கு வழிகளின் மீதுதான் விழ வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் அந்த வரிசையிலேயே காரணம் தேடியிருக்கிறேன்.

தேடுவதற்கு முன், மூன்று அளவுமானிகள் வண்டியில் இருக்க வேண்டும்: பூஸ்ட் (டர்போ அமுக்கித் தள்ளும் காற்றின்) அழுத்தம், டர்பைனுக்கு முன்னால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் குழாயில்) துளையிட்டுப் பொருத்திய புகை வெப்பமானி, எண்களில் காட்டும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்) வெப்பமானி. வண்டியோடு வந்த வெப்பமானியின் முள் பெரும்பாலும் ஒரு பரந்த வெப்ப எல்லைக்குள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அது நகரும் நேரத்தில் எஞ்சின் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும்.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாக வேகம் எடுக்கிறது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், இது வந்தால் படித்துப் பார்க்க நேரம் இருக்காது என்பதுதான். டர்போவின் வழியாக ஆயில் காற்றுக்குழாய்க்குள் புகுந்துவிட்டால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டுமே. காற்றை அடைப்பது ஒன்றே வழி. முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, கம்ப்ரெஸர் வாயை முழுதாக மூடக்கூடிய தடித்த தட்டையான பலகை ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்து நிறுத்துங்கள். வெறுங்கையாலோ துணியாலோ ஒருபோதும் மூடாதீர்கள். சுழலும் சக்கரம் இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். கியர் மாற்றும் வகை வண்டியாக இருந்து, அந்த நேரத்தில் நீங்கள் இருக்கையில் இருந்தால், பிரேக்கை முழுதாக மிதித்தபடி உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்தலாம்.

எஞ்சினை நிறுத்திய சில நிமிடங்களில் கொதிக்கும் சத்தம், ரிசர்வ் டாங்கில் கூலண்ட் பொங்குகிறது

நீர்க்குளிர்ப்பு டர்போவைப் பொருத்தியவர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இந்த இடத்தில்தான். ஓடும்போது வெப்பம் சரியாக இருக்கிறது, நிறுத்தினால் குமிழ் சத்தம் கேட்கிறது. எஞ்சின் ஓடும்போது டர்போவின் நடுப்பகுதியைக் குளிர்விப்பதில் ஆயிலுக்கே பெரும் பங்கு உண்டு. தண்ணீரின் முக்கியமான வேலை எஞ்சினை நிறுத்திய பிறகு தொடங்குகிறது. அப்போது ஆயில் பம்பும் நின்றுவிடும், வாட்டர் பம்பும் நின்றுவிடும். ஆனால் டர்பைன் பக்கத்து வார்ப்பிரும்புக் கூட்டில் தேங்கிய வெப்பம் பேரிங் இருக்கும் நடுப்பகுதியை நோக்கி ஊர்ந்து வரும். அந்த வெப்பத்தைத் தண்ணீர் தானாகவே எடுத்துச் செல்ல வேண்டும். சூடான தண்ணீர் இலேசாகி மேலே ஏறும், அதன் இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த தண்ணீர் வரும். பம்பே இல்லாத இந்தச் சுற்றோட்டம் நடக்க வேண்டுமென்றால், தண்ணீர் கீழ்த் துளை வழியாக உள்ளே வந்து மேல் துளை வழியாக வெளியேற வேண்டும். வெளியேறும் குழாய் எங்கும் இறங்காமல், ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கோ கூலண்ட் தொட்டிக்கோ ஏறிக்கொண்டே போக வேண்டும்.

பார்க்க வேண்டிய முதல் இடம் அந்த வெளியேறும் குழாய். மேனிஃபோல்டைத் தாண்டுவதற்காக மேலே வளைத்து, பிறகு கீழே இறக்கி, மறுபடி ஏற்றியிருந்தால், அந்த வளைவின் உச்சியில் காற்று அடைத்துக்கொள்ளும். காற்று அடைத்த இடத்தைத் தாண்டித் தண்ணீர் தானாக ஏறாது. டர்போவுக்குள் இருக்கும் சிறிதளவு தண்ணீர் அங்கேயே கொதித்து நீராவியாகித் தொட்டியைப் பொங்கவைக்கும். என் வண்டியில் நேர்ந்தது இதுவேதான். குழாயின் வளைவு வெறும் நான்கு விரல் உயரம்தான் இருந்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை டர்போவின் இரு தண்ணீர்க் குழாய்களையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே வரும் குழாய் படிப்படியாகச் சூடேறியது. வெளியேறும் குழாய் டர்போவை ஒட்டிய ஒரு சாண் தூரம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது, வளைவைத் தாண்டியதும் சில்லென்று இருந்தது. குழாயை வளைவில்லாமல் மாற்றிப் பொருத்திய அன்றே சத்தம் நின்றது.

குழாய் சரியாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால், இரண்டு குழாய்களையும் எங்கே இணைத்தீர்கள் என்று பாருங்கள். ஒன்று வாட்டர் பம்ப் தள்ளும் பக்கத்திலிருந்து, அதாவது எஞ்சின் பிளாக்கிலிருந்து வர வேண்டும்; மற்றது அழுத்தம் குறைந்த பக்கத்தில் சேர வேண்டும். இரண்டையும் ஒரே அழுத்தமுள்ள இடத்தில் இணைத்தால் தண்ணீர் நகர்வதற்குக் காரணமே இல்லை. ஹீட்டர் குழாயில் தொடராக இணைத்தவர்கள் ஹீட்டர் வால்வை மூடும்போதெல்லாம் டர்போவுக்கும் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். கோடையில் மட்டும் வரும் கொதிப்புக்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டர்போவின் நடுப்பகுதியைச் சிறிது சாய்த்துப் பொருத்தினால் இந்த இயற்கைச் சுற்றோட்டம் இன்னும் நன்றாக நடக்கும். ஏறக்குறைய 20 டிகிரி சாய்வு போதும். அப்போது ஒரு தண்ணீர்த் துளை மற்றதைவிடத் தெளிவாக மேலே வரும். ஆனால் ஆயில் வடியும் துளை செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. சாய்ப்பதற்காக இரு பக்கக் கூடுகளின் போல்ட்டுகளையும் தளர்த்தும்போது, கம்ப்ரெஸர் சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசாமல் நேராகத் திருப்புங்கள். வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) தண்டும் அதன் தாங்கியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்பதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது, தரையில் சொட்டு இல்லை

டர்போவின் அருகே கசியும் கூலண்ட் தரைக்கு வந்து சேர்வதில்லை. சூடான கூட்டின் மேல் விழுந்ததும் ஆவியாகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு படிவத்தை மட்டும் விட்டுச் செல்லும். பேன்ஜோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) தலைக்கு அடியில், டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உப்புப் பூத்தது போன்ற மெல்லிய வளையம் தெரிந்தால், கசிவு அங்கேதான். பெரும்பாலும் செம்பு வாஷரைத் திரும்பப் பயன்படுத்தியதே காரணம். ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிவிடும். புது வாஷர் போடுவது நல்லது. கிடைக்காவிட்டால் பழையதைச் செந்தணல் நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும், மேற்பரப்பில் கீறல் இல்லாமல் தேய்த்துப் போடலாம். கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்காதீர்கள். துளையிட்ட போல்ட் முறுக்கில் எளிதாக உடையும், உடைந்த மரையை நடுப்பகுதியிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

படிவமும் இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டும். பூஸ்ட் ஏறிய பிறகு சிலிண்டருக்குள் அழுத்தம் முன்பைவிட மிகவும் கூடுகிறது; ஏற்கெனவே பலவீனமான கேஸ்கெட் அப்போது வாயுவைக் கூலண்டுக்குள் தள்ளும். எரிந்த வாயு பட்டால் நீலத்திலிருந்து பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும் சோதனைத் திரவம் இதற்கு உதவும். டீசல் எஞ்சின் ஸ்லோ ஸ்பீடில் மிகக் குறைந்த டீசலையே எரிப்பதால் புகையில் கரியமில வாயுவும் குறைவாக இருக்கும். எனவே வண்டியை மேட்டில் பளுவோடு ஓட்டி வந்து, எஞ்சின் ஓரளவு ஆறி, ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பாதுகாப்பானது என்று உறுதி செய்துகொண்ட பிறகே சோதிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே செய்த சோதனை ‘சரி’ என்று காட்டினால் அதை நம்ப வேண்டாம்.

டர்போவின் நடுப்பகுதியிலேயே விரிசல் விழுந்திருப்பது அரிது. ஆனால் தண்ணீரும் ஆயிலும் சில மில்லிமீட்டர் சுவருக்கு இருபுறமும் ஓடும் இடம் அது என்பதால், டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதையும் சோதியுங்கள். கழற்றிய நடுப்பகுதியின் ஒரு தண்ணீர்த் துளையை அடைத்து, மற்றதில் கைப்பம்பால் 1 பார் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் விட்டால் முள் இறங்கக் கூடாது.

மேடு ஏறும்போது மட்டும் எஞ்சின் சூடாகிறது

இங்கே டர்போவின் தண்ணீர்க் குழாய்களைக் குறை சொல்வது பெரும்பாலும் பொருந்தாது. டர்போவின் நடுப்பகுதி கூலண்டுக்குக் கொடுக்கும் வெப்பம் எஞ்சின் கொடுப்பதோடு ஒப்பிட்டால் சிறிது. டீசலை அதிகம் எரித்தால் எஞ்சினும் அதிகம் சூடாகும். பழைய ரேடியேட்டருக்கு முன்பு இருந்த மிச்சத் திறன் இப்போது செலவாகிவிட்டது. ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே சேறு, விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் (சூட்டுக்கேற்ப விசிறியைச் சுழற்றும் இணைப்பு), ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் ஆகியவற்றைப் பாருங்கள். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்திருந்தால், அதைத் தாண்டிச் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நீலப் புகை, அல்லது காற்றுக் குழாய்களில் ஆயில்

டர்போவின் தண்டில் இருப்பது ரப்பர் ஆயில் சீல் அல்ல; பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சிறு இரும்பு வளையம். அது ஆயிலை இறுக்கமாக அடைத்து நிறுத்துவதில்லை. வெளிப்புற அழுத்தம் உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதாலும், ஆயில் தன் எடையால் தடையின்றிக் கீழே வடிந்துவிடுவதாலும்தான் கசியாமல் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று கெட்டாலும், புத்தம் புதிய டர்போகூட ஆயில் கக்கும். புது டர்போ வாங்கிப் போட்டும் அதே புகை வருவதாக வருந்துகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

முதலில் வடியும் குழாய். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு நுழைகிறது, ஆனால் வெளியேறும்போது காற்றோடு கலந்து நுரைத்து, வெறும் எடையால் இறங்குகிறது. அதனால் வரும் குழாய் பென்சில் பருமன் இருந்தால் போதும். வடியும் குழாய்க்கு உள்விட்டம் குறைந்தது 16 மி.மீ. வேண்டும், 19 மி.மீ. இருந்தால் இன்னும் நல்லது. அது எங்கும் படுக்கையாகவோ தொங்கியோ நிற்காமல் இறங்கி, சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டிக்கு இங்கே தனி எச்சரிக்கை உண்டு. சமதரையில் அளந்து ஆயில் மட்டத்துக்கு மேலே என்று வெல்டு செய்த துளை, வண்டி பக்கவாட்டில் சாயும்போதோ செங்குத்தான இறக்கத்தில் நிற்கும்போதோ ஆயிலுக்குள் மூழ்கிவிடும். சாலையில் புகையே இல்லை, கரடுமுரடான சரிவில் இறங்கி முடித்ததும் ஒரு நிமிடம் நீலப் புகை என்றால் காரணம் இதுதான். துளையை சம்ப்பின் விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமாக உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துங்கள்.

குழாயின் ரப்பரையும் பாருங்கள். சாதாரண ஹீட்டர் குழாயும் சாதாரண சிலிக்கான் குழாயும் தண்ணீருக்கு ஏற்றவை. சூடான ஆயிலில் உப்பி, உட்சுவர் உரிந்து வழியை அடைக்கும். கேஸ்கெட்டோடு சேர்த்துப் பூசிய சிலிக்கான் பசையும் உள்ளே பிதுங்கி இதே வேலையைச் செய்யும். ஆயில் வழிகளில் பசையும் வேண்டாம், டெஃப்லான் டேப்பும் வேண்டாம்.

அடுத்தது, வரும் ஆயிலின் அளவு. பந்து பேரிங் உள்ள டர்போவுக்கு மிகக் குறைந்த ஆயிலே போதும். அதற்கு ஏறக்குறைய 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வரவைக் குறைக்கும் சிறு துண்டு) வேண்டியிருக்கும். புஷ் பேரிங் (பந்துகள் இல்லாத வளைய பேரிங்) உள்ள டர்போவில் அதே ரெஸ்ட்ரிக்டரைப் போட்டால் பேரிங் காய்ந்துவிடும். உங்கள் டர்போ எந்த வகை என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் இதில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக ஏர் ஃபில்டர். அடைபட்ட ஃபில்டர் கம்ப்ரெஸர் வாயில் வெற்றிடத்தை உண்டாக்கி, ஸ்லோ ஸ்பீடில்கூட ஆயிலை வெளியே உறிஞ்சும். குழாயைக் கழற்றும் நேரத்தில் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலான உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று மண் ஒட்டினால், ஏதோ ஒரு கிளாம்ப் வழியாகத் தூசி உள்ளே போகிறது. அது கம்ப்ரெஸர் இதழ்களின் விளிம்பைக் கத்திபோல் தேய்த்துவிடும், பிறகு சிலிண்டருக்கும் போகும்.

டிப்ஸ்டிக் துள்ளி வெளியே வருகிறது, எஞ்சின் முழுதும் ஆயில் கசிவு

டர்போ இல்லாத எஞ்சினில் வால்வு மூடியிலிருந்து வரும் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும்) குழாய் நேராக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் இணைந்திருப்பது வழக்கம். டர்போ போட்ட பிறகு அந்த மேனிஃபோல்டில் இருப்பது உறிஞ்சல் அல்ல, அழுத்தம். பிரீதரை மாற்றாமல் விட்டால் பூஸ்ட் முழுதும் எஞ்சினின் வயிற்றுக்குள் போகிறது. அழுத்தம் ஆயில் சீல்களைப் பிதுக்கி, டர்போவிலிருந்து ஆயில் வடிவதையும் தடுக்கிறது. மேனிஃபோல்டில் இருந்த பழைய துளையை நன்றாக அடைத்துவிட்டு, பிரீதரை ஆயில் பிரிக்கும் டப்பா ஒன்றின் வழியாகக் கம்ப்ரெஸருக்கு முன்னால் உள்ள குழாயில் இணையுங்கள். இதைச் சரிசெய்தும் ஆயில் மூடியைத் திறந்தால் பளுவில்லாதபோதே பலமாகப் புகை வீசினால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. அந்த எஞ்சினுக்கு டர்போ போடக் கூடாது.

பளுவில் கரும்புகை, புகை வெப்பம் 700 டிகிரியைத் தாண்டுகிறது

கரும்புகை என்பது காற்றுக்கு மிஞ்சிய டீசல். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் கூடினால் வெப்பம் குறையும். டீசலில் நேர் எதிர், கூடக் கூட வெப்பமும் ஏறும். டர்பைனுக்கு முன்னால் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து நிற்கவிட்டால் அலுமினிய பிஸ்டனின் தலை உருகத் தொடங்கும் அபாயம் உண்டு. வெப்பமானியின் முனையை டர்பைனுக்குப் பின்னால் வைத்திருந்தால் பளுவில் அது 100 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும் என்பதால், அந்த எண்ணை வைத்து நிம்மதி அடைய முடியாது.

டீசல் பம்பின் ஸ்குரூவைத் தொடுவதற்கு முன் பூஸ்ட் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். பூஸ்ட் சரியாக வந்தும் கரும்புகை என்றால் முழுப்பளு டீசல் ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகக் குறைத்து, அதே மேட்டில், அதே கியரில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதைக் குறித்து வையுங்கள். டர்போ இல்லாமல் வந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் பெரும்பாலும் 20க்கு மேல் இருப்பதால், 0.5 பார் பூஸ்ட்டோடு நின்றுகொள்வது நல்லது என்பது என் கருத்து.

பூஸ்ட் வரவில்லை, அல்லது ஊளையிடும் சத்தம்

‘ஸ்ஸ்’ என்ற சத்தம் பளுவில் மட்டும் கேட்டால் கம்ப்ரெஸருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கசிவு. குழாயின் வாயை அடைத்து, மெதுவாக 0.5 பார் காற்று ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவினால் குமிழ் காட்டிக்கொடுக்கும். குளிர்ந்த எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் மேனிஃபோல்டுக்கும் டர்பைனுக்கும் இடையே புகை கசிகிறது; கேஸ்கெட்டின் ஓரத்தில் கரிக்கோடு தெரியும். இரண்டும் இல்லையென்றால் வேஸ்ட்கேட் மூடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மாறாக, பூஸ்ட் எல்லை மீறி ஏறினால் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சிறு ரப்பர் குழாய் கழன்றோ உருகியோ போயிருக்கும்.

போலீஸ் சைரன்போல் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை வேறு வகை. எஞ்சின் ஆறிய பிறகு காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் முனையை இரு விரலால் பிடியுங்கள். புஷ் பேரிங் டர்போவில் பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. ஆயில் இல்லாமல் கையில் எடுத்துப் பார்த்தால் அது அதிகமாகவே தெரியும். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு கைக்குத் தெரியக் கூடாது. தண்டை ஒரு பக்கம் அழுத்திச் சுழற்றும்போது இதழ்கள் கூட்டில் உரசினாலோ, கூட்டின் உட்சுவரில் பளபளப்பான கோடு விழுந்திருந்தாலோ டர்போவைக் கழற்ற வேண்டியதுதான். கழற்றினால், ஆயில் வரும் குழாயையும் பேன்ஜோ போல்ட்டையும் புதிதாகவே போடுங்கள். பழைய குழாயின் உட்சுவரில் கருகிய ஆயில் துகள்கள் இருக்கும், அவை புதிய பேரிங்கை முதல் நிமிடத்திலேயே கீறிவிடும். புதிய டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றித் தண்டைக் கையால் சுழற்றுங்கள். பிறகு டீசல் நிறுத்தும் சொலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டு, வடியும் குழாயின் கீழ்முனையில் ஆயில் வரும்வரை சிறு சிறு இடைவெளிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். ஆயில் வந்த பிறகே குழாயை சம்ப்பில் இறுக்கி, வயரைத் திரும்ப மாட்டுங்கள்.